கோவைக்கு வந்த ஒரு ஜிடி3 டூரிங்: ஆப்ஷன் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காருக்குப் பாலிஷ் போடுவதும் பெயின்ட்டின் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டுவதும் என் தொழில். விலை உயர்ந்த வண்டி வாங்குகிறவர்கள் வாங்கிய பிறகுதான் என்னிடம் வருவார்கள். இங்கே நான் சொல்லப்போகிறவர் மட்டும் வாங்குவதற்கு முன்பே வந்தார். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அப்போது அவருக்கு 46 வயது. அப்பா தொடங்கிய பவுண்டரியை, அதாவது உலோக வார்ப்புப் பட்டறையை, நடத்துகிறவர். பழைய போர்ஷே கேமன் கார் ஒன்றை ஐந்து வருடம் ஓட்டிப் பழகியவர். மாதம் ஒரு ஞாயிறு செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடத்தில் பழகு ஓட்டத்துக்குப் போவார். வீட்டில் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், எழுபதைத் தாண்டிய அப்பா. 2022 ஜனவரியில் அவருக்கு போர்ஷே 911 ஜிடி3 ஒன்றுக்கான ஒதுக்கீடு கிடைத்தது. "தம்பி, காசு கொடுக்கறது சுலபமா இருக்குது. எதை டிக் பண்றதுன்னுதான் தெரியல" என்று போனில் சொன்னார்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: 2021-ல் வெளியான தலைமுறை. டர்போ இல்லாத 4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், 510 குதிரைத்திறன், 9,000 சுற்று வரை போகும். பின் சீட் கிடையாது. சாலையில் ஓடும் 911-ல் முன்பக்கம் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு) வந்தது இதில்தான் முதல் தடவை. தயாராகும் இடம் ஸ்டுட்கார்ட்டின் சூஃபன்ஹவுசன். அங்கே வேலை தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு பட்டியல் பூட்டப்படும். அதற்குப் பிறகு ஒரு தையல் நூலின் நிறத்தைக்கூட மாற்ற முடியாது.

முதல் பட்டியல்

நிறுவனத்தின் இணையதளத்தில் வண்டியை நாமே திரையில் கட்டிப் பார்க்கலாம். முடித்ததும் ஒரு குறியீட்டு எண் வரும். அதை யாருக்கு அனுப்பினாலும் அதே வண்டி அவர்கள் திரையிலும் திறக்கும். முதல் மூன்று வாரத்தில் அவர் எனக்கு அனுப்பிய எண்கள் பதினேழு. பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வந்தவை. முதல் வண்டி பளீர் நீலம், பெரிய இறக்கை, தங்கநிற வீல், மஞ்சள் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்). பதினேழாவது சாம்பல் நிறம், உள்ளே சிவப்பு சீட் பெல்ட். இரண்டும் ஒரே ஆள் தேர்ந்ததா என்று சந்தேகம் வரும்.

நான் கவனித்தது ஒன்று. எண்ணுக்கு எண் நிறம் மாறியது, வீல் மாறியது. ஆனால் உள்ளே சேர்ந்த சின்னச் சின்ன அலங்காரம் எதுவும் கழியவே இல்லை. விளக்கு எரியும் கதவுப் படி, தோல் சுற்றிய ஏசி துவாரம், வண்டி நிறத்தில் பெயின்ட் அடித்த சாவி, அந்தச் சாவிக்கு ஒரு தோல் உறை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றும் விலை. முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

அந்த விலையை நம் ஊர்க் கணக்கில் போட்டுக் காட்டினேன். அப்போது 40,000 டாலருக்கு மேற்பட்ட முழு இறக்குமதிக் காருக்குச் சுங்க வரியே 100 சதவீதம். அதன் மேல் 28 சதவீத ஜிஎஸ்டி, அதற்கும் மேல் செஸ். அங்கே 100 ரூபாய் மதிப்புள்ள பொருள் இங்கே வந்து இறங்கும்போது 300-ஐத் தொடும். பிறகு 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அன்றைய தமிழ்நாட்டு ஆயுள் வரி 15 சதவீதம். சாவி உறையும் காரின் விலைக்குள் வருவதால் அதற்கும் ஆயுள் வரி உண்டு. மனிதர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டு, "உறைய எடுத்துருங்க" என்றார்.

அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். இங்கே பின்னால் செய்துகொள்ள முடிகிற எதையும் தொழிற்சாலையில் கேட்பதில்லை. வீலுக்கு வேறு நிறம், பக்கவாட்டில் கோடு, பெயின்ட்டின் மேல் படலம் இவையெல்லாம் தள்ளிப் போகும். முன் பக்கத்தைத் தூக்கும் அமைப்பு, பிரேக், சீட், வண்டியின் அடிப்படை நிறம், பின் இறக்கை இவை மட்டும் இப்போது. முப்பது பன்னிரண்டு ஆனது.

வழியை அளந்தது

திரையில் வண்டி எப்போதும் வெள்ளைத் தரையில்தான் நிற்கும். அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் டேப், நீளமான அலுமினிய மட்டப்பலகை, சாக்பீஸ் எடுத்துக்கொண்டு அவர் வீட்டிலிருந்து செட்டிபாளையம் வரை இரண்டு பேரும் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கி அளந்தோம். டீக்கடைக்காரர் ஒருவர் நெடுஞ்சாலைத் துறை என்று நினைத்து, தன் கடை முன்னால் இன்னொன்று போடச் சொல்லி மனுவே சொன்னார்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்தில் 10 செ.மீ. உயரம், மெதுவாக ஏறி இறங்கும் வளைவு. அப்படிப்பட்ட மேட்டில் தாழ்வான காரும் தப்பித்துவிடும். நாங்கள் பார்த்தவற்றில் வரையறையை ஒட்டி இருந்தது இரண்டுதான். மீதியெல்லாம் ஒரு முழம் அகலத்தில் தாரைக் கொட்டித் தட்டி விட்டவை. முன் பம்பரின் கீழ் உதடு தப்பினாலும் நடு வயிறு உரசும் ரகம். அவர் வீட்டு கேட்டின் சரிவுதான் எல்லாவற்றிலும் மோசம். மழைநீர் உள்ளே வராமலிருக்க அப்பா கட்டிய மேடு அது.

இந்த ஒரு காலை வேலையில் இரண்டு முடிவு தானாக வந்தது. முன்புறத்தைத் தூக்கும் அமைப்பு கட்டாயம். பொத்தானை அழுத்தினால் மூக்கு மூன்று நான்கு செ.மீ. எழும். அடுத்து, கேட்டுச் சரிவை உடைத்து நீளமாக்கிக் கட்டுவது. இரண்டாவதற்கு ஒரு கொத்தனாரும் நான்கு நாளும் போதுமாக இருந்தது. அப்பாதான் கூட நின்று வேலை வாங்கினார். மொத்தக் கதையிலும் செலவுக்கு மிக அதிகப் பலன் கொடுத்தது அந்தச் சிமென்ட் வேலை.

பெரிய முடிவுகள்

இறக்கை. ஜிடி3-ன் பின் இறக்கையை அன்னக் கழுத்து போல வளைந்த இரண்டு தாங்கிகள் மேலிருந்து பிடித்திருக்கும். காரைத் தரையோடு அழுத்தும் வேலையை இறக்கையின் அடிப்பக்கக் காற்றுதான் பெரும்பாலும் செய்கிறது, அதைத் தாங்கி கெடுக்கக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. பந்தய 911-களிலிருந்து வந்தது. இதே வண்டியை இறக்கை இல்லாமல் டூரிங் என்ற பெயரிலும் கொடுக்கிறார்கள். அதே எஞ்சின், அதே சஸ்பென்ஷன், கூடுதல் விலை இல்லை. நிலையான இறக்கைக்குப் பதில் வேகத்தில் தானே எழும் சின்னத் தகடு.

அவருக்கு இறக்கை வேண்டும். மனைவிக்கு வேண்டாம். அப்பா திரையில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல துணி காயப் போடலாம் போல இருக்குது" என்றார். நான் கரியின் நீளத்தைச் சொன்னேன்: மொத்தமே சுமார் 2.1 கிலோமீட்டர், திருப்பம் திருப்பமாக. நேர்ப்பாதை முடிவதற்குள் பிரேக்கில் கால் போய்விடும். இறக்கை முழு வேலை காட்டும் வேகம் அங்கே சில நொடிகூட நீடிக்காது. அவிநாசி ரோட்டிலோ, பைக்கில் இரண்டு பேர் ஒட்டி வந்து வீடியோ எடுப்பதற்குத்தான் அது உதவும். டூரிங் என்று முடிவானது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டூரிங்கில் ஸ்டீயரிங்கும் கியர்ப் பிடியும் வழவழப்பான தோல். இறக்கை வைத்ததில் வெல்வெட் மாதிரியான துணி. மே மாதத்து வியர்வைக் கையில் அந்தத் துணி ஒரு வருடத்தில் அமுங்கிப் பளபளக்க ஆரம்பிக்கும். மாதம் இரண்டு ஸ்டீயரிங்காவது சுத்தம் செய்கிறவன் என்பதால் உறுதியாகச் சொன்னேன்.

கியர். கைக் கியரும் அதே விலைதான். எடை 17 கிலோ குறைவு. ஆனால் 100 கி.மீ. வேகத்தை எட்ட 3.9 நொடி, தானியங்கி பிடிகே-யில் 3.4. அந்த அரை நொடியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவருடைய இடது முழங்கால் ஏற்கெனவே ஒருமுறை அறுவை சிகிச்சை ஆனது. பிடிகே. இந்தத் தலைமுறையில் பிடிகே-க்கும் முழு நீளக் கியர்த் தண்டு வைத்திருக்கிறார்கள், முன்னே தள்ளினால் கீழ் கியர், பின்னே இழுத்தால் மேல் கியர். அது அவருக்குப் பாதி ஆறுதல்.

பிரேக். செராமிக் டிஸ்க் இரும்பு டிஸ்க்கின் எடையில் பாதிதான், துரு ஏறாது, கறுப்புத் தூசி குறைவு, கூடவே அவர் ஆசைப்பட்ட மஞ்சள் காலிப்பர். இரும்பு டிஸ்க் முன்னால் 408 மி.மீ., செராமிக் 410. அளவில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். டிராக்கில் தடம் விட்டு வெளியே போனால் கரியில் ஓரமெல்லாம் சரளை. ஒரு கல் சிக்கி விளிம்பு பெயர்ந்தால் செராமிக்கின் விலை வேறு கணக்கு. இரும்பு தேய்ந்தால் மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். இரும்பையே எடுத்தார். "சிவப்புக் காலிப்பர் பச்சைக்கு ஒத்துக்குமாங்க?" என்று மட்டும் பத்துத் தடவை கேட்டார். ஒத்துக்கொள்ளாதுதான். வீலின் ஆரங்களுக்கு நடுவே கொஞ்சம்தான் தெரியும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிறம். பச்சை எப்படி வந்தது என்று சொல்லவில்லையே. வழக்கமான பட்டியலில் இருக்கிற நிறங்களில் மனம் நிற்கவில்லை. சிவப்பைப் பார்த்தார், அதன் ஜெர்மன் பெயர் இந்திஷ்ரோட், அதாவது இந்தியச் சிவப்பு. பெயருக்காகவே எடுத்துவிடுவார் போலிருந்தது. மனைவி, "தீயணைப்பு வண்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பழைய நிறங்களைத் தனியாகக் கேட்டு வாங்கும் வசதியில் ஓக் கிரீன் மெட்டாலிக் நியோ இருந்தது. எழுபதுகளின் 911-களில் வந்த கரும்பச்சையை ஒட்டியது. விலை கூட, காத்திருப்பும் கூட.

திரையில் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். விற்பனையாளர் வழியாகப் பெயின்ட் அடித்த உள்ளங்கை அளவு மாதிரி ஒன்று வந்தது. அதை அவர் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு, மதியம் ஒரு மணிக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்துப் பார்த்தோம். காலையில் வாழை இலையின் அடிப்பக்கம் மாதிரி. உச்சி வெயிலில் உள்ளே தங்கத்தூள் மினுங்கியது. ஆறு மணிக்குக் கறுப்பு என்றே சொல்லிவிடலாம். மகள் அந்த மாதிரியை ஒரு ஜாக்கெட் துணியின் மேல் வைத்து, "அம்மாவோட கல்யாணப் பட்டு பார்டர் இதே நிறம்" என்றாள். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. நிறத்தின் தேர்வில் என் தொழில் அறிவுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

சீட். இங்கேதான் என் தவறு. கார்பன் இழை ஓட்டில் செய்த பக்கெட் சீட்டா, பதினெட்டு வழியில் சரிசெய்யும் மெத்தை சீட்டா என்று கேட்டார். பக்கெட் என்றேன். எடை குறைவு, கரியின் திருப்பங்களில் உடம்பைப் பிடித்து வைக்கும், விற்கும்போது இப்படிப்பட்ட வண்டியில் அதைத்தான் தேடுவார்கள். மூன்று காரணமும் சரி. தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் அவர் ஜீன்ஸோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். கச்சிதமாக இருந்தது. பக்கத்து சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

2022 ஜூனில் பட்டியல் பூட்டப்பட்டது.

வண்டி வந்த பிறகு

2023 பிப்ரவரியில் வந்தது. முதலில் என் கடைக்குத்தான். ஐந்து நாள் படலம் ஒட்டும் வேலை. பின் சக்கர வளைவு, கதவின் கீழ்ப்பகுதி, முன் மூக்கு மூன்றிலும் விளிம்பு உள்ளே மடித்து ஒட்டினோம். அகலமான பின் டயர் 315 மி.மீ.; முன் டயர் வாரி அடிக்கும் கல்லெல்லாம் அதற்கு முன்னாலிருக்கும் பெயின்ட்டில்தான் வந்து விழும்.

பூஜை கோனியம்மன் கோயிலில். எலுமிச்சைப் பழம் வைக்கும்போது பூசாரி டயரின் அகலத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இரண்டாக வைத்தார். சந்தனத்தைப் படலத்தின் மேல் வைக்கச் சொல்லி நான் காட்டிய இடத்தை விட்டுவிட்டு அப்பா நேரே ஸ்டீயரிங் தோலில் பொட்டு வைத்தார். அந்தக் கறை இன்னும் லேசாக இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு, "அப்பா, நீங்க முதல்ல உட்காருங்க" என்று மகன் இடது கதவைத் திறந்தார். பக்கெட் சீட்டின் ஓரம் தொடை உயரத்துக்கு எழும்பி நிற்கும், கார்பன் விளிம்பு கடினம். பெரியவர் ஒரு காலை உள்ளே வைத்தார். உடம்பை இறக்கப் பிடிமானம் இல்லை. கதவைப் பிடித்து, கூரையைப் பிடித்து, கடைசியில் பொத்தென்று விழுந்த மாதிரி உட்கார்ந்தார். ஒரு சுற்று போய் வந்ததும் எழ முடியவில்லை. மகன் ஒரு கை, நான் ஒரு கை, அக்குளில் கொடுத்துத் தூக்கினோம். கோயில் வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நல்லாத்தான் இருக்குது. ஓட்டறவனுக்குச் செஞ்ச வண்டி" என்றார். அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவில்லை.

மனைவி சேலையில் ஏறினால் கொசுவம் அந்த விளிம்பில் மாட்டும். இரண்டு கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, விசேஷம் என்றால் இன்னோவாதான் என்றாகிவிட்டது. ஊருக்குள் குடும்பத்தோடு போவதற்கென்று இறக்கையை விட்டு, தோல் உள்ளலங்காரம் வாங்கி, பட்டுச் சேலை நிறத்தில் பெயின்ட்டும் வாங்கிய கார் அது.

சீட்டை மாற்ற விசாரித்தோம். மெத்தை சீட்டுக்கு மின் இணைப்பு வேறு, பக்க ஏர்பேக்கின் கோடிங் வேறு. உதிரிபாகமாக வரவழைத்தால் வரியும் சேர்ந்து, தொழிற்சாலையில் தேர்ந்திருந்தால் ஆகியிருக்கும் வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. கைவிட்டோம்.

மற்றவை எப்படி நடந்தன என்றால், மூக்கைத் தூக்கும் பொத்தான் தினமும் வேலை செய்கிறது. வண்டி வந்த இரண்டு வருடத்தில் முன் உதட்டின் அடியில் ஒரே ஒரு உரசல், அதுவும் ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக முளைத்த வேகத்தடையில். இரும்பு டிஸ்க் நன்றாக இருக்கிறது. பிரேக் பட்டை ஒரு தடவை மாற்றியாயிற்று. தங்கநிற வீலைப் பின்னால் இங்கேயே அடித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். அவர் அதை மறந்தே போனார். நானாக நினைவூட்டியபோது, "அப்படியா கேட்டிருந்தேன்?" என்றார். விதி அங்கே மட்டுமாவது காசைக் காப்பாற்றியது.

எதிர்பார்க்காமல் வந்த தொல்லை வீலில். நடுவில் ஒரே பெரிய நட்டு, அதை 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்க வேண்டும். பல்லடம் பக்கம் ஆணி ஏறியபோது பஞ்சர் கடைக்காரர் நட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு டீ சொன்னார். ஸ்டெப்னி கிடையாது. தட்டு லாரி ஏற்றித்தான் கொண்டுவந்தோம். அதற்குரிய நீள முறுக்குக் கருவியும் சாக்கெட்டும் இப்போது என் கடையில் இருக்கின்றன. ஆப்ஷன் பட்டியலைப் பார்த்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட எங்களுக்கு அது தோன்றவில்லை.

இப்போது செய்தால்

விதியை வைத்துக்கொள்வேன். வழியை அளப்பதையும் விடமாட்டேன். மாதிரியை மூன்று வேளை வெயிலில் பார்ப்பதும் அப்படியே.

சீட்டுக்கு மட்டும் வேறு மாதிரி. வீட்டில் யார் யார் ஏறுவார்களோ அத்தனை பேரும், கோயிலுக்குப் போகிற உடையில், இரண்டு வகை சீட்டிலும் ஏறி இறங்க வேண்டும்; உட்கார்ந்து பார்ப்பதைவிட எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் போதாது, அரை மணி நேரமாவது. மெத்தை சீட்டின் எடையை கரியில் அவர் உணர்ந்திருக்கப் போவதில்லை. மறுவிற்பனை என்று நான் சொன்ன காரணம் இன்னும் மோசம். பட்டுப் பார்டர் நிறத்தில் செய்த வண்டியை அவர் விற்கப் போவதில்லை என்பது, அந்த மாதிரியை ஜாக்கெட் துணியில் வைத்த நிமிடமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு கரிக்குப் போகிறார். அப்பா பின்னாலேயே இன்னோவாவில் வந்து, பிட் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வண்டி நின்றதும் எழுந்து போய்த் தோள் துண்டை எடுத்து, பின் மூடியில் படிந்த செம்மண் தூசியை அழுத்தித் துடைக்கிறார். காய்ந்த தூசியைத் துணியால் தேய்த்தால் படலத்தில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். என் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்கிறேன். அவரிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை.